ஐந்தாவது இருமல்

உத்திரமேரூரில் இருமுவதற்கென்று ஓர் அலுவலகம் திறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன்பு சனங்கள் கேட்பாரில்லாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருமினார்கள், பஸ்ஸில் இருமினார்கள், நெல் தூற்றும் இடத்தில் இருமினார்கள். ஒருவரும் அதை எண்ணவில்லை. எண்ணப்படாத இருமலால் நாட்டுக்கு எத்தனை பெரிய இழப்பு என்பதை எங்கோ ஒரு பெரிய மனிதர் கண்டுபிடித்தார். அதன் பலனாக, பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் இரண்டாம் மாடியில், 'சுவாசவழி உணர்நரம்பு உயராய்வு மையம்' வந்து உட்கார்ந்தது. பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சு வாங்கியதால், சனங்கள் இருமல் ஆபீஸ் என்று சுருக்கிக்கொண்டார்கள்.

மானாம்பதி உண்ணாமலைக்கு அந்த ஆபீஸிடம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூச்சில் இழுக்கும் மருந்துள்ள ஆரஞ்சு மூடி பம்பு, மாதத்துக்கு ஒன்று.

அவள் கணவர் ராஜாராம் ஊர் எல்லையில் மாவு மில் வைத்திருக்கிறார். மில்லை ஒட்டிய இரண்டு அறைதான் வீடு. இரண்டாவது பிள்ளை பிறந்த வருஷத்தில் உண்ணாமலைக்கு ஆஸ்துமா பிடித்தது. மாவுத்தூசி போதாதென்று புதன்கிழமைதோறும் மில்லில் மிளகாய் அரைப்பார்கள். அன்றைக்கு அவள் படும் பாட்டைப் பார்த்துத் தெருவே வருத்தப்படும். ஆறு வருஷத்துக்கு முன், அரசு ஆஸ்பத்திரியில் அப்போது மருந்து கொடுத்துக்கொண்டிருந்த கவுண்டரில் கீதா என்று ஒரு நர்ஸ் இருந்தாள். அவள்தான் முதல் ஆரஞ்சு பம்பை உண்ணாமலையின் கையில் வைத்தாள்.

"இது ஸ்டீராய்டுக்கா. பேரக் கேட்டு பயப்படாத. மூச்சுக்கொயாக்குள்ள இருமலக் கெளப்பி வுடற நரம்பு ஒண்ணு கீது. உள்ள வீக்கம் வந்துச்சின்னா அந்த நரம்பு சிடுசிடுன்னு ஆயிடும். தூசி பட்டாலும் கத்தும், பவுடர் வாசன பட்டாலும் கத்தும். இந்த மருந்து வீக்கத்தத் தணிக்கும். வீக்கம் தணிஞ்சா நரம்பு தானா சாந்தமாவும். ஒரே நாள்ல ஆவாது, வாரக்கணக்காவும். நல்லாத்தான கீறோம்னு நீயா நிறுத்திடாத. நிறுத்தினா வீக்கம் திரும்ப வந்துடும்."

உண்ணாமலை ஒரு வேளை தவறியதில்லை. காலையில் இரண்டு இழுப்பு, மாலையில் இரண்டு இழுப்பு, பிறகு வாய் கொப்பளிப்பு. ஆறு வருஷம் மனுஷியாக இருந்தாள். அவசரத்துக்கென்று கொடுத்த நீல மூடி பம்பு ஒன்று வாங்கினால் அரை வருஷம் வரும். அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஒன்றை அரசாங்கத்தால் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? கீதாவைத் தூரத்து ஊருக்கு மாற்றினார்கள். கவுண்டரை மூடினார்கள். ஆரஞ்சு பம்பு கொடுக்கும் வேலை இருமல் ஆபீஸுக்குப் போயிற்று.

தை மாதம் உண்ணாமலை இன்னும் கொஞ்சம் மருந்து மிச்சமிருந்த பழைய பம்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு முப்பத்தெட்டுப் படி ஏறினாள். மூச்சுக் கோளாறுக்காரர்களுக்கான அலுவலகத்தை இரண்டாம் மாடியில் வைத்ததற்கு மையத்திடம் காரணம் இருந்தது. கீழ்த்தளத்தில் உரமூட்டைகள் இருந்தன. அவற்றுக்குப் படியேற வராது.

மேலே ஷீபா என்ற பரிசோதகர் அவளை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து முகத்தில் குழாய் பொருத்திய மூடியை மாட்டினாள்.

"இன்னாம்மா இது? பம்பு வாங்க வந்தா மூஞ்சில மூடி மாட்டுறே?"

"புது ரூல்ஸுக்கா. மொளகா சத்து கலந்த ஆவி வரும். இழுக்கணும். அஞ்சு இருமல் வந்தா உங்க நரம்பு இன்னும் கோவமா கீதுன்னு அர்த்தம், பம்பு தருவோம். அஞ்சுக்குக் கொறஞ்சா நரம்பு அடங்கிடுச்சின்னு அர்த்தம். அப்போ பம்பு கெடையாது."

"மொளகாயா? எங்க மில்லுல புதங்கெழமயானா சும்மாவே கெடைக்குதே."

"அது தரப்படுத்தாத மொளகாக்கா."

இருமலை எண்ணும் இயந்திரம் பதினான்கு மாதமாக வந்துகொண்டே இருந்தது. அது வரும்வரைக்கும் 'இருமல் எண்ணுநர்' என்று ஒரு பதவி உண்டாக்கி, அதில் வேதாசலத்தை நியமித்திருந்தார்கள். அவர் முப்பது வருஷம் களம் களமாகப் போய் மரக்காலால் நெல் அளந்தவர். தராசு வந்து அந்த வேலை போனபின் சும்மா இருந்தார். ஐந்து வரை பிழையில்லாமல் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் பதவிக்கான தகுதி. லட்சம் மூட்டை அளந்தவரைவிட யாருக்கு அந்தத் தகுதி இருக்கும்? அவர் உரக்கச் சொல்லச் சொல்ல, தடுப்புக்கு அந்தப்புறம் ஆல்வின் என்ற இளைஞன் கணினியில் தட்டுவான். ஆல்வின் சென்னையில் பிறந்து, சென்னையில் படித்து, நெல்லை மூட்டையாகக்கூடப் பார்க்காமல் நேராக உத்திரமேரூருக்கு வந்தவன். எண்ணைக் கேட்டால் எண்ணைத் தட்டுவான். எண் அல்லாத எதையாவது கேட்டால் 'இதர ஒலி' என்ற பொத்தானைத் தட்டுவான். கடைசியில் கணினி கூட்டிச் சொல்லும்.

ஆவி வந்தது. உண்ணாமலையின் தொண்டை எரிந்தது. இருமினாள்.

"லாபம்" என்றார் வேதாசலம். "ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு!"

ஐந்து என்று காதில் விழுந்ததும் ஷீபா குழாயை மூடினாள். கணினி ஒரு காகிதத்தைத் துப்பியது. இருமல்: 4. இதர ஒலி: 1.

"அஞ்சு வந்திச்சே" என்றாள் உண்ணாமலை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நானும் அஞ்சின்னுதாம்மா சொன்னேன்" என்றார் வேதாசலம்.

"சிஸ்டம்ல நாலுதான் இருக்கு சார்" என்றான் ஆல்வின் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்து.

"அப்ப நாலாத்தான் இருக்கும்மா. அது படிச்ச மெஷினு" என்றார் வேதாசலம்.

ஷீபா காகிதத்தைக் கிழித்து எடுத்தாள். மூன்று மாதத்துக்கு முன், தன் காதில் ஐந்து விழுவதும் கணினியில் நான்கு வருவதும் ஏன் என்று கேட்டு அவள் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். மனிதக் காது பிழை செய்யக்கூடியது, ஆகவே பரிசோதகர் தம் காதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. அவளும் பரிசோதித்துக்கொண்டாள். காது நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்பதில்லை.

இயக்குநர் டாக்டர் பிரேம்நாத் உண்ணாமலையை அறைக்குக் கூப்பிட்டு எழுந்து நின்று கைகுலுக்கினார். யாரும் அவளுக்கு அதுவரை கைகுலுக்கியதில்லை.

"அம்மா, வாழ்த்துகள்! உங்க மூச்சுக்குழல்ல இருக்கிற உணர்நரம்பு அமைதியாயிடுச்சு. ஸ்டீராய்டு தன் கடமையைச் செஞ்சு முடிச்சிடுச்சு. அமைதியான நரம்புக்கு ஸ்டீராய்டு எதுக்கு? சொல்லுங்க."

"அது போட்டுக்கினு இருக்கறதாலதான் சார் அமைதியா கீது."

"கரெக்ட்! அமைதியா இருக்குன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க."

அவள் கைப்பையில் இருந்த பம்பை வாங்கி, 'உண்ணாமலை, மானாம்பதி' என்று சீட்டு ஒட்டி, பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் வைத்தார். அந்த அலமாரியில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் ஆரஞ்சு மூடிகள் அடுக்கடுக்காக நின்றன. ஆய்வு முடியும்வரை அவை மையத்தின் சொத்து. பதிலுக்கு அவளுக்கு 'நரம்பு அமைதிச் சான்றிதழ்' கொடுத்தார்கள். கணினி கூட்டிய கணக்கையும் அதில் அச்சிட்டு, பளபளவென்று லேமினேஷன் போட்டிருந்தது. நாலு வாரம் கழுவல் காலம், உடம்பில் ஒட்டியிருக்கும் மருந்தெல்லாம் கழுவிப் போகட்டும், பிறகு வாருங்கள் என்றார்கள்.

சான்றிதழைப் படித்துவிட்டு ராஜாராம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மில்லில் மிளகாய் அரைத்து முடித்ததும் நொய் அளந்து போட்டு மெஷினை ஓட்டிக் கழுவுவது அவருக்குத் தெரிந்த வேலை. அப்படிச் செய்யாவிட்டால் அடுத்து வருகிறவரின் பச்சரிசி மாவு சிவந்துவிடும்.

"மெஷினக் கழுவலாம். மனுசிய எப்டி கழுவுறது? இன்னா பேஜாரா கீது" என்றார்.

கடையில் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நீலப் பம்பைக் கடைக்காரர் கொடுத்தார். ஆரஞ்சுக்கு டாக்டர் சீட்டு கேட்டார். சீட்டு எழுத வேண்டிய டாக்டர் அவளுடைய சான்றிதழைப் பார்த்தார். "மையமே எழுதிக் கொடுத்திருக்காங்க, இதுக்கு மேல நான் யாரும்மா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். லேமினேஷன் போட்ட காகிதத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. இயக்குநர் சொன்னது உண்மைதானோ என்றுகூட உண்ணாமலை நினைத்தாள். பத்தாம் நாள் சின்னவன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது போட்டுக்கொண்ட பவுடர் வாசனைக்கு நெஞ்சு இறுகியது. மறுநாள் தாளிப்புக்கு இறுகியது. அதற்கடுத்து ஊதுபத்தி, வைக்கோல், பக்கத்து வயலில் கதிர் அறுக்கும் மெஷினின் தூசி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. நான்கு சொல் சேர்ந்தாற்போல் பேசினால் ஐந்தாவது சொல்லுக்குக் காற்று இல்லை. அரை வருஷம் வந்த நீலப் பம்பு ஒன்பது நாளில் தீர்ந்தது. அது இறுகின குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது, நரம்பைச் சமாதானப்படுத்தாது. உண்ணாமலைக்குப் பயமாக இருந்தது. பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று மாட்டுக்கொட்டகைக்குப் போய் மூச்சு வாங்கிவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் மையம் அவளை மறந்துவிடவில்லை. வாரம் ஒருமுறை ஆல்வின் போன் செய்தான். அவனிடம் இருந்த படிவத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. இருமல் வருகிறதா, ஆம் அல்லது இல்லை.

"வருதுப்பா. மூச்சும் திணறுது. படுக்கவே முடியல, குந்திக்கினே..."

"ஆம்னு போட்டுக்கறேன்க்கா. மூச்சுக்குக் கட்டம் இல்ல."

நாலு வாரம் தாங்காது என்று தெரிந்து மூன்றாவது வாரமே புறப்பட்டாள். அன்று முப்பத்தெட்டுப் படி அவளுக்கு மலையாக இருந்தது. பாதிவழித் திருப்பத்தில் இன்னொருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாகறலிலிருந்து வந்தவள், பெயர் வளர்மதி, களையெடுப்பும் நடவும் அவளுக்குப் பிழைப்பு. பேச மூச்சு இல்லாவிட்டாலும் பேசுவதை விடவில்லை.

"வாக்கா, வந்து நில்லு. நானு அர மணி நேரமா இங்கியேதான் கீறேன். மேல பூட்டவங்க இன்னும் எறங்கல, கீய கீறவங்க இன்னும் ஏறல."

"ஒனக்கும் நாலுதானா?"

"எல்லாருக்கும் நாலுதாங்க்கா. எங்க ஊர்ல பதினேயு பேரு வந்தோம், பதினேயு பேருக்கும் நாலு. இன்னா அதிசயமோ."

இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் உண்ணாமலைக்கு இருமல் பிடித்தது. பதிமூன்று இருமல் இருமினாள். சுவரில் ஒரு பலகை இருந்தது. 'காத்திருப்போர் இருமும் இருமல் கணக்கில் கொள்ளப்படமாட்டாது.' அதன் கீழே, 'அநாவசியமாக இருமி ஆய்வுக்கு இடையூறு செய்யாதீர்.'

இந்த முறை மிளகாய் அறைக்குள் விடுவதற்கு முன் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் ஊதினால்தான் அறைக்கதவு திறக்கும். மூச்சு மோசமாக உள்ளவர்களுக்கு மிளகாய் ஆவி கொடுத்தால் ஆபத்து, ஆகவே பாதுகாப்பு விதி. உண்ணாமலை நாற்பத்தெட்டு ஊதினாள். வளர்மதி முப்பத்தொன்பது. ஷீபா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் இயக்குநரைக் கூட்டிவந்தாள்.

"சார், இவங்களை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும் சார். இல்லன்னா அந்த பம்பையாவது..."

"பதற்றப்படாதீங்க ஷீபா." இயக்குநர் இரண்டு பெண்களையும் பார்த்து அன்பாகச் சிரித்தார். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் பரிசோதனை செய்ய முடியாத அளவுக்கு மோசமா இருக்கீங்க. பரிசோதனை செய்யாம மருந்து தர எனக்கு அதிகாரம் இல்லை. உடம்பு நல்லா ஆனதும் வாங்க."

"நல்லா ஆனா... நானு இன்னாத்துக்கு சார்... இங்க வரேன்?" என்றாள் உண்ணாமலை.

"நல்ல கேள்வி. எங்க ரெண்டாம் கட்ட ஆய்வுல அதை எடுத்துக்கப் போறோம்."

திறந்திருந்த இயக்குநர் அறைக்குள் தெரிந்த அலமாரியை வளர்மதி கையால் காட்டினாள். மேல்தட்டில், வலது ஓரத்தில், அவள் பெயர் எழுதிய ஆரஞ்சு மூடி இருந்தது. "அது எம்பம்பு சார். எம்பேரு போட்டுக் கீது. அத்த குடுத்துடுங்க, நான் பூடறேன்."

"அது இப்ப காட்சிப் பொருள்மா" என்றார் இயக்குநர். ஷீபா இருவரையும் கைத்தாங்கலாக இறக்கிவிட்டு, தன் காசில் ஆட்டோ பிடித்து ஏற்றினாள். ஆட்டோவில் வளர்மதி பேசவில்லை.

அன்று உண்ணாமலையை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, காற்று கொடுத்து, ஊசி போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனதும் ஆரஞ்சு பம்பை ஒழுங்காகப் போடுங்கள் என்று சீட்டில் எழுதினார்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, உங்கள் ஊர் மையத்தில் என்றார்கள். மையத்தின் முத்திரை இல்லாத அந்தச் சீட்டைக் கடைக்காரர் வாங்கவில்லை. வளர்மதியை அதே ஆஸ்பத்திரியில் வேறு வார்டில் சேர்த்திருந்தார்கள். இரண்டாம் நாள் தேடிப்போனபோது, வீட்டுக்கு அனுப்பியாயிற்று என்று சொன்னார்கள்.

பங்குனி பிறந்தது. ஒரு புதன்கிழமை மிளகாய் அரைத்து முடித்து ராஜாராம் மெஷினைக் கழுவ நொய் அளந்துகொண்டிருந்தார். உண்ணாமலை வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படியளவு நொய் மெஷினுக்குள் விழும் சத்தமும் அவர் எண்ணும் குரலும் கேட்டன.

"லாபம்... ரெண்டு... மூணு..."

இந்தப் பக்கத்தில் தானியம் அளக்கிற எவரும் முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்று தொடங்கினால்தான் களம் நிறையும் என்பது பரம்பரைப் பழக்கம். உண்ணாமலையும் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வந்தவள்தான். அன்றைக்குத்தான் அது அவள் காதில் உறைத்தது. எழுந்துபோய் ஆணியில் தொங்கிய சான்றிதழை எடுத்தாள். இருமல்: 4. இதர ஒலி: 1. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். வேதாசலத்தின் லாபத்தை அந்தச் சென்னைப் பிள்ளை எங்கே தட்டியிருக்கிறான் என்று புரிந்தது. அந்த வட்டாரத்தில் அறைக்குள் போய் இருமிய ஒவ்வொருவரின் முதல் இருமலும் இதர ஒலியாகிவிட்டது. ஐந்து வந்ததும் குழாயை மூடிவிடுவதால் ஆறாவதற்கு யாருக்கும் வழியில்லை.

"ஒரு ஆளு கொரலு... எத்தினி பேரு மூச்ச வாங்கிக் கீது பாருங்க" என்றாள்.

"வேதாசலம் மேல தப்பு இல்லடி. நானா இருந்தாலும் அப்டித்தான் எண்ணியிருப்பேன்" என்றார் ராஜாராம்.

மறுவாரமே மையத்தின் வெற்றி விழா. கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். சான்றிதழ் வாங்கியவர்களுக்குப் பொன்னாடை என்று கடிதம் வந்திருந்தது. மேடையில் இருமக் கூடாது என்ற குறிப்பும் அதில் இருந்தது. நேரில் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பி உண்ணாமலை கணவரோடு போனாள். போய் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து வளர்மதிக்கு இடம் பிடித்தாள்.

"யாருக்கும்மா எடம்?" என்றாள் பின்வரிசையில் இருந்தவள். மாகறல்காரி, பெயர் இளவரசி.

"ஒங்க ஊரு வளர்மதிக்கு."

இளவரசி முன்னால் குனிந்தாள். "அவ பூட்டாளேக்கா. பதினொரு நாள் ஆவுது. மூச்சு இய்த்துக்கினே பூட்டா. கருமாதிகூட ஆவல, அதுக்குள்ள இந்த ஆபீஸ்லேர்ந்து போனு. இருமல் வருதான்னு கேட்டானாம். இனிமே எங்க சார் வரப்போவுது, இல்லன்னாராம் அவ வூட்டுக்காரரு. தேங்ஸ்னு சொல்லி வெச்சிட்டானாம்."

உண்ணாமலை நாற்காலியிலிருந்து கைப்பையை எடுக்கவில்லை. அங்கேயே இருந்தது.

மேடையில் குத்துவிளக்கு, ஊதுபத்திக் கட்டு, சாம்பிராணி. நடுவில் அந்தக் கண்ணாடி அலமாரி, சீரியல் விளக்கு சுற்றி. இயக்குநர் பேச எழுந்தார்.

"பெரியோர்களே! உலகம் முழுக்க விஞ்ஞானிகள் ஸ்டீராய்டு உணர்நரம்பை எந்த அளவுக்கு அடக்கும்னு தேடிக்கிட்டிருக்காங்க. நாம கண்டுபிடிச்சிட்டோம்! உத்திரமேரூர் வட்டாரத்துல முந்நூற்றுப் பதிமூணு பேரைப் பரிசோதிச்சோம். ஒருத்தருக்குக்கூட ஐந்தாவது இருமல் வரலை. அத்தனை நரம்பும் நாலோட நிக்குது. இந்த அளவு ஒற்றுமை மனித உடம்புல இதுவரைக்கும் பார்த்ததே இல்லைன்னு வெளியூர் நிபுணர்கள் ஆச்சரியப்படறாங்க. நாங்க ஆச்சரியப்படலை. எங்க முறை அப்படி!" கைதட்டல். "இன்னொரு செய்தி. மாகறலைச் சேர்ந்த ஒரு பெண்மணி, மருந்தே இல்லாம, பூஜ்ய இருமல் நிலையை அடைஞ்சிருக்காங்க. அவங்களால இன்னைக்கு வர முடியலை. எல்லா நோயாளிகளையும் அந்த நிலைக்குக் கொண்டுபோறதுதான் நம்ம லட்சியம்!"

மாகறல் சனங்கள் கைதட்டவில்லை. மற்றவர்கள் தட்டினார்கள்.

உண்ணாமலையின் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறியதும் பொன்னாடை போர்த்தினார்கள். புதுத்துணி நெடியும் சாம்பிராணியும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறின. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. மைக்குக்கு நேராக இருமினாள்.

முன்வரிசையில் இருந்த வேதாசலம் பழக்கதோஷத்தில், "லாபம்" என்றார். "ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு."

மண்டபம் முழுக்கக் கேட்டது. உண்ணாமலை மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "தோ... கேட்டீங்களா? அந்த லாபந்தான் சார்... மொதல் இருமல். எங்க ஊர்ல... அப்டித்தான் எண்ணுவோம். எங்க எல்லாருக்கும்... அஞ்சு வந்திச்சி. நீங்கதான்... எடுத்துட்டீங்க."

வேதாசலத்தின் முகம் வெளுத்தது. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். ஆல்வின் எழுந்து, "சார், நான் அது ஏதோ சாமி பேருன்னு நினைச்சேன் சார்" என்றான்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அம்மா ஆய்வுல காட்டற ஆர்வத்தைப் பாராட்டறேன். ஆனா அறிக்கை வெளியாகி, அதுக்கு மேலிடம் பரிசும் அறிவிச்சாச்சு. வெளியான பிறகு ஐந்தாவது இருமல் வருதுன்னா அது அறிக்கைக்கு மாறான இருமல். அதை ஒரு குழு விசாரிக்கும். அதுவரைக்கும் எல்லாருக்கும் நாலுதான்."

"அந்த பூஜ்யம்... வளர்மதி சார். செத்துப் பூட்டா."

"வருத்தமான விஷயம். ஆனா மரணம் எங்க ஆய்வு வரம்புக்குள்ள வரலைம்மா. நாங்க இருமலை மட்டும்தான் பார்க்கறோம். அவங்களுக்கு இருமல் இல்லைங்கிறது உண்மைதானே?"

உண்ணாமலை மைக்கை விட்டுவிட்டுத் திரும்பி அலமாரியை நோக்கி நடந்தாள். பூட்டியிருந்தது. ஷீபா மேடையேறி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, இயக்குநரின் முகத்தைப் பார்க்காமல், கதவைத் திறந்துவிட்டாள்.

தன் பெயர் எழுதிய பம்பைத் தேடி எடுத்து உண்ணாமலை நன்றாகக் குலுக்கினாள். லாபம் என்று மனசுக்குள் சொல்லி ஓர் இழுப்பு. இரண்டு என்று ஓர் இழுப்பு. இது உடனே கேட்காது, வாரக்கணக்காகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தொடங்கிவிட்டாள். இயக்குநரின் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, வாய் கொப்பளித்து, மேடையோரத்து ரோஜாத் தொட்டியில் துப்பினாள்.

சனங்கள் வரிசை கட்டினார்கள். யாரும் தள்ளவில்லை, கத்தவில்லை. கத்த மூச்சும் இல்லை. அவரவர் பெயரைப் பார்த்து அவரவர் எடுத்துக்கொண்டார்கள். வராதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எழுத்து தெரியாதவர்களுக்கு வேதாசலம் படித்துக் கொடுத்தார். எடுத்துக் கொடுக்கையில் எண்ணவில்லை. இளவரசி மேல்தட்டில் வலது ஓரத்தில் இருந்ததை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் மையம் தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பியது. பொதுமக்களின் ஒழுங்கீனத்தால் காட்சிப் பொருட்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு காணாமல் போயின, ஒன்று மட்டும் பத்திரமாக உள்ளது என்று அதில் எழுதியிருந்தார்கள்.